வாயிற்காவலரின் கோரைப்பல்: சினத்தின் உரிமை யாருடையது?

சிவன் கோயில் வாயிற்காவலர் சிற்பங்களைப் பற்றி எழுதுவோர் பலரும் அவற்றின் உக்கிரத்துக்கு ஒரே காரணம் சொல்கின்றனர்: தீயவை உள்ளே நுழையாமல் அச்சுறுத்துவது. இது போதாது என்பதே என் வாதம். காவலர் முகத்துச் சினம் கருவறை இறைவனிடமிருந்து வந்தது. வருவோரை விரட்டுவதைவிட, உள்ளிருப்பவர் எத்தகையவர் என அறிவிப்பதே அதன் முதற்பணி.

முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவித்த மண்டகப்பட்டுக் குடைவரையில் காவலர்க்கு இரண்டே கைகள், கோரைப்பல் இல்லை. உருள்பெருந்தடியில் உடலைச் சாய்த்து நிற்கும் வீரர்கள் அவர்கள். செங்கல்பட்டை அடுத்த வல்லம் போன்ற குடைவரைகளில் ஒரு காவலர் தலையில் கொம்புகள் தென்படுகின்றன. விலங்குக் கொம்பாகவே இவற்றைக் கருதிப் பலவாறு பொருள் கூறியதுண்டு. ஆய்வாளர் மைக்கேல் லாக்வுட் முதலியோர் தந்த விளக்கமே எனக்கு ஏற்புடையது: கொம்பு போலத் தோன்றுபவை முத்தலைச் சூலத்தின் இரு பக்க முனைகள், நடுமுனை மகுடத்தோடு ஒன்றிவிடுகிறது. இணைக் காவலரின் மகுடத்தில் மழுவின் அலகு. அப்படியானால் வாயிலில் நிற்பவர்கள் சிவனின் சூலமும் மழுவுமே. ஆயுதத்தின் கூர்மை அதை ஏந்துபவனுடையதுதானே?

தஞ்சைப் பெரிய கோயிலில் இவ்வுறவு வேறு வடிவம் கொள்கிறது. 1010இல் நிறைவெய்திய அக்கோயிலின் பேருருக் காவலர்க்கு நான்கு கைகள், பிதுங்கிய விழிகள், உதட்டோரம் கோரைப்பற்கள். தூக்கிய காலொன்று தடிமேல் படிந்திருக்கிறது. தடியைச் சுற்றிய பாம்பின் வாயில் பாதி விழுங்கப்பட்ட யானை. யானையை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரிது, அது சுற்றிய தடி எவ்வளவு பெரிது, அத்தடியை மிதிப்பவர் எவ்வளவு பெரியவர் எனப் பார்வையாளரின் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கை சுட்டுவிரலால் எச்சரிக்கிறது. இன்னொன்று வியப்பு முத்திரை காட்டுகிறது. வழிகாட்டிகள் சொல்லும் இந்த அளவுக் கணக்கை ஆய்வாளர்கள் எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்கக் கூடாது. அச்சுறுத்தல் மட்டுமே நோக்கமென்றால், வியக்கும் கைக்கு அங்கே என்ன வேலை? அத்தனை பெரியவரே வியக்கிறார் என்றால், அவ்வியப்புக்கு உரியவர் உள்ளே இருக்கிறார்.

கோயில் பெரிதானதால் காவலரும் பெருத்தார், அவ்வளவுதான் என்று மறுக்கலாம். உயரத்துக்கு அது பொருந்தும். கூடுதல் கைகளுக்கும் கோரைப்பல்லுக்கும் பொருந்தாது. பிற்காலச் சோழர் கோயில்களின் சிறிய வாயில்களிலும் அவை தொடர்கின்றன. பல கைகளும் கோரைப்பல்லும் சிவனின் உக்கிர வடிவங்களுக்கு உரியவை. காவலர் அவற்றைத் தம் தலைவனிடமிருந்து பெற்றிருக்கிறார்.

அழகர்கோயிலின் காவல்தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பர் இவ்வாதத்தை எதிர்த்திசையிலிருந்து உறுதிசெய்கிறார். அங்கே வழிபடப்படுவது சிலையன்று. சந்தனம் பூசிய கோபுரக் கதவு. கோரைப்பல் இல்லை, பிதுங்கிய விழி இல்லை. ஆயினும் அக்கதவின் முன் பொய்ச் சத்தியம் செய்ய மக்கள் அஞ்சுகின்றனர். கருப்பர் தம் பெயரிலேயே நேர்த்திக்கடன் பெறும் தெய்வம்; அவருடைய சினம் அவருடையதே. அதற்கு உருவச் சான்று தேவைப்படவில்லை. தனிவழிபாடு பெறாத தஞ்சைக் காவலருக்கோ, தாம் யாருடைய ஆள் என்பதை உடம்பிலேயே காட்ட வேண்டியிருந்தது.