நெருப்பு வைத்தால் குளிரும் பெட்டி



கரண்ட் இல்லாத ஊரில் தடுப்பூசி மருந்தை எப்படிக் குளிராக வைத்திருந்தார்கள்? மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றித்தான்! கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

1922-ல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் ஒரு குளிர்பெட்டியைக் கண்டுபிடித்தார்கள். அதில் மோட்டார் கிடையாது. அம்மோனியா கலந்த தண்ணீரைக் கீழே தீயால் சூடாக்க வேண்டும். அம்மோனியா பிரிந்து மேலே போய்த் திரவமாகும். பெட்டிக்குள் அது ஆவியாகும்போது அங்குள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். வியர்வை காயும்போது உடம்பு குளிர்கிறதே, அதே பாடம்தான். பிறகு அம்மோனியா மறுபடி தண்ணீரில் கரைந்து கீழே வந்துவிடும். 1925-ல் எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அரை நூற்றாண்டு கழித்துத்தான் இதன் பெரிய வேலை வந்தது. 1974-ல் உலக சுகாதார நிறுவனம் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி என்ற திட்டத்தைத் தொடங்கியது. நம் நாட்டில் 1978-ல் வந்தது. பெரியம்மைக்கு உலர்த்திய மருந்து இருந்தது, வெயிலைத் தாங்கியது. மற்ற மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மின்கம்பி எட்டாத சுகாதார நிலையங்களுக்கு இந்த மண்ணெண்ணெய் பிரிட்ஜ்தான் போனது.

பழுது பார்க்க மெக்கானிக் வரமாட்டார். இருந்த ஆயுதங்கள் ஒரு கத்தரிக்கோல், ஒரு பிரஷ், ஒரு ரசமட்டம். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் புகைபோக்கியில் கரி அடையும், குளிர் குறையும். திரியை நேராக வெட்டி, கரியைத் துடைக்க வேண்டும். பெட்டி சாய்ந்து நின்றால் உள்ளே திரவம் சரியாக ஓடாது. எல்லாம் சரியாக இருந்தும் குளிராவிட்டால், தீயை அணைத்து, பெட்டியைத் தலைகீழாகச் சில மணி நேரம் கவிழ்த்து வைப்பார்கள். தவறான இடத்தில் தேங்கிய திரவம் மறுபடி கலந்துவிடும். நிமிர்த்தி, ஆறவிட்டு ஏற்றினால் பல பெட்டிகள் பிழைத்துக்கொண்டன. அம்மோனியா நெடி அடித்தால் மட்டும் அங்கே வைத்தியம் இல்லை. குழாய் ஓட்டையாகிவிட்டது என்று பொருள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பகல் வெயிலுக்கு ஏற்றிவைத்த சுடரை இரவில் தணிக்க மறந்தால் மருந்து உறைந்துபோகும். உறைந்த முத்தடுப்பு ஊசி மருந்துக்குப் பலன் இல்லை. சூடேறினால் அம்மைத் தடுப்பு மருந்து வீண். தாய்க்குத் தெரியாது, ஊசி போடுபவருக்கும் தெரியாது. குழந்தைக்கு நோய் வந்த பிறகுதான் தெரியும். அதனால்தான் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் பார்த்துக் குறிக்கச் சொன்னார்கள்.

1980-களின் தொடக்கத்தில் சூரிய சக்தி பிரிட்ஜ்களைப் பல நாடுகளில் சோதித்தார்கள். பேட்டரிகள் சில வருடங்களில் செத்தன. பிறகு பேட்டரியே இல்லாமல், பகலில் ஐஸ் உறையவைத்து இரவைக் கடத்தும் பெட்டிகள் வந்தன. அதிலும் பலகையில் படியும் தூசியைத் துடைக்க ஓர் ஆள் வேண்டும்.

கண்டுபிடித்த இருவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. தினமும் திரி வெட்டிய செவிலியர், காவலாளி, ஆயா பெயர் எதிலும் இல்லை. மருந்து கெடாமல் குழந்தை வரை போய்ச் சேர்ந்தது அவர்கள் கையால்தான்.

உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் அப்படி யாராவது வேலை பார்த்திருந்தால், அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நம் பிள்ளைகள் படிக்கட்டும்.