அரைப்புள்ளி நிறைந்த கடிதம்

சென்ற வாரம் கொமியூனிகேஷன் கடைகளோடு நிறுத்தியிருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓடும் மீட்டரில் ஒரு கண் வைத்தபடி, சவூதியில் இருக்கும் மகனிடம் உம்மாமார் அவசர அவசரமாகச் சுகம் விசாரித்த காலம் அது. அதே கம்பி வழியாகக் கடிதமும் வரத் தொடங்கிய கதை இந்த வாரம்.

இலங்கையில் இணையத்தின் வரலாறு என்றால் சில வருடங்களைச் சொல்வார்கள். 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்துப் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று தொடங்கிய 'லேர்ன்' வலையமைப்பின் மின்னஞ்சல். 1995 ஏப்ரலில் வந்த முதலாவது வர்த்தக இணையச் சேவை. 1996இல் ஸ்ரீலங்கா டெலிகொம்மின் சேவை. அத்தோடு எழுதுபவர்கள் பேனையை மூடிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்த ஆண்டுகளில் நாட்டில் 100 பேருக்கு இரண்டு தொலைபேசி இணைப்புக்கூட இல்லை. விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் எங்கள் ஊரான மடவளையில் எத்தனையோ. வீட்டுக்கு லைன் கிடைத்த பிறகும், கொழும்பு எண்ணுக்கு டயல் செய்தால் வெளியூர்க் கட்டணம் ஓடும். ஆகவே எங்கள் பக்கத்தில் இணையம் வந்த ஆண்டு ஒன்றல்ல. வீட்டுக்கு வீடு வேறு வேறு ஆண்டு.

எங்கள் வீட்டுக்கு அது 1999. பெரிய நானா ரியாதுக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. சவூதியில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான். "ஈமெயில் போட்டா அன்றைக்கே வரும்" என்று தொலைபேசியில் சொன்னார். கண்டியில் ஒரு அலுவலகம் கழித்துவிட்ட 486 கொம்பியூட்டரை வாங்கி, பழைய துவாயில் சுற்றி, வத்தேகம பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். விண்டோஸ் 95 அதில் மூச்சுத் திணறியபடி ஓடும். உள்ளே சொருகும் மொடெம் அட்டை ஒன்றைத் தனியாக வாங்கினோம். மலிவாகக் கிடைத்த புது மொடெம்கள் தங்கள் வேலையில் பாதியைக் கொம்பியூட்டரின் தலையில் கட்டிவிடும். 486 அதைத் தாங்காது. பழைய வகையே வேண்டும் என்று சொல்லித் தந்தவர் அயல்வீட்டு ஆசிரியர்.

மொடெம் செய்யும் வேலை விளங்கினால், இணையும்போது அது எழுப்பும் சத்தத்தின் மீது மரியாதை வந்துவிடும். தொலைபேசி வலையமைப்பு மனிதக் குரலுக்காக உருவானது. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலி மட்டுமே அதில் போகும். ஆகவே கொம்பியூட்டரின் ஒன்றையும் பூச்சியத்தையும் ஒலியாக மாற்றி அனுப்ப வேண்டும், மறுமுனையில் ஒலியைத் திரும்ப எண்ணாக்க வேண்டும். டயல் போனதும் முதலில் மறுமுனையிலிருந்து ஒரே சீராக ஒரு விசில் கேட்கும். அது 2100 ஹேர்ட்ஸ். பேச்சு எதிரொலிக்காமலிருக்க நடுவில் வைத்திருக்கும் கருவிகளுக்கு, "பேசப்போவது மனிதர் அல்ல, கொஞ்சம் ஒதுங்குங்கள்" என்று சொல்லும் அடையாளம் அது. அதற்குப் பிறகு வரும் இரைச்சலில்தான் இரண்டு மொடெம்களும் கம்பியின் தரத்தை அளந்து, எந்த வேகத்தில் பேசலாம் என்று முடிவு செய்யும். கேட்டுக் கேட்டு, இணைப்புக் கிடைக்குமா அறுந்துவிடுமா என்பதை அடுத்த அறையிலிருந்தே உம்மா சொல்லிவிடுவார்.

56 கிலோபிட் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். மரங்களுக்கு நடுவே இழுத்த எங்கள் லைனில் 33.6 கிடைத்தாலே நல்ல நாள். அந்த வேகத்தில் ஒரு மெகாபைட் வந்து சேர நான்கு நிமிடத்துக்கு மேல். அதனால் கடிதத்தை முன்கூட்டியே எழுதி வைத்து, ஊர் உறங்கிய பிறகு இணைத்து, அனுப்பவேண்டியதை அனுப்பி, வந்ததை இறக்கி, உடனே லைனை வெட்டிவிட்டு ஆறுதலாக வாசிப்போம்.

ஆனால் முதல் பத்து நாள் அதுவும் நடக்கவில்லை. இணைப்பு வரும், ஒரு நிமிடம் நிற்கும், அறுந்து போகும். லைன்தான் பழுது என்று முறைப்பாடு செய்தோம். வந்து பார்த்தவர் லைன் சரி என்றார். மொடெமுக்கான கட்டளைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தோம். 1981இல் ஹேய்ஸ் கம்பனியின் ஸ்மார்ட்மொடெம் கொண்டுவந்த மொழி அது. ஒவ்வொரு கட்டளையும் 'ஏடி' என்று தொடங்கும், 'கவனி' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். எல்லாவற்றுக்கும் மொடெம் 'ஓகே' என்றே பதில் தந்தது. கடைசியில் ஆசிரியர்தான் கண்டுபிடித்தார். "கையை மேசையிலிருந்து எடுங்க" என்றார். எடுத்தேன். இணைப்பு அறவில்லை. மவுஸை அசைத்தேன். அறுந்தது. மவுஸ் கொம்1 என்ற இணைப்பு வாயிலில், மொடெம் கொம்3இல். இரண்டும் கொம்பியூட்டரைக் கூப்பிடுவது ஐஆர்க்யூ 4 என்ற ஒரே மணியை அடித்து. மவுஸ் மணியடித்தால் மொடெம் வாயடைத்துப் போகும். மூடியைத் திறந்து, அட்டையிலிருந்த ஜம்பர் என்ற சின்னஞ்சிறு தொப்பியைக் குறடால் கழற்றி அடுத்த ஊசிகளில் மாட்டினோம். விரல்நுனி அளவுகூட இல்லாத அந்தத் தொப்பிக்குத்தான் பத்து நாள் காத்திருந்தோம்.

இடியையும் இங்கே சொல்ல வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் கண்டி மலைகளில் இடிமுழக்கம். கரண்ட் வயரைக் கழற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் தொலைபேசி வயரை மறந்துவிடுவார்கள். மின்னல் அந்த வழியாக இறங்கி மொடெமைக் கருக்கிவிடும். மேகம் கறுத்தால் உம்மா கொடியில் காயும் துணிக்கு முன்னால் மொடெம் வயரைத்தான் கழற்றுவார்.

கண்டிக்குத் தெற்கே அப்போது இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, யுனெஸ்கோவின் உதவியோடு 1998இல் இணையத்தைக் கையிலெடுத்தது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களில் மக்களுக்காகக் கொம்பியூட்டர் வைத்தார்கள். வானொலியில் ஒரு நிகழ்ச்சி: நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர் இணையத்தில் தேடிப் பார்த்து, ஆங்கிலத்தில் கிடைத்ததை நேயர்களின் மொழியில் விளக்கிச் சொல்வார். லைனும் இல்லாமல் ஆங்கிலமும் இல்லாமல் இருந்தவர்களின் வீட்டுக்குள் ரேடியோப் பெட்டி வழியாக இணையம் போனது. நம் நாட்டு இணைய வரலாற்றில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கம்பி எதையும் கொண்டுவந்து போடும். அதை வாசித்துக் காட்ட ஒரு ஆள் இருந்தாரா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

எங்களுக்கும் அந்த ஆள் தேவைப்பட்டார். ரியாதிலிருந்து நானாவின் முதல் கடிதம் வந்த இரவு, திரை நிறைய ஆங்கில எழுத்துகள், பொருளே இல்லாமல். அவற்றுக்கிடையில் எங்கு பார்த்தாலும் அரைப்புள்ளி. நானா தமிழில்தான் எழுதியிருந்தார், பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வரைந்து வைத்தது. அது நம் கொம்பியூட்டரில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஆங்கிலமே தெரியும். 1999 பெப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு பொது ஒழுங்கைத் தேடியது இப்படிப்பட்ட குழப்பங்களால்தான். மடவளையில் எங்களுக்கு அந்தச் செய்தியெல்லாம் எட்டவில்லை. கண்டியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அச்சகத்தில் தட்டச்சு செய்த ஒரு தம்பி, விஷயத்தைக் கேட்டதும் ஒரு ஃப்ளொப்பியில் பாமினியைப் போட்டுத் தந்தார். காசு வாங்கவில்லை.

இரவு கடிதத்தை வேர்ட்பேடில் ஒட்டி, எல்லாவற்றையும் தெரிவு செய்து, எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றினேன். முதல் வரியில் நான்கு ஆங்கில எழுத்தும் நடுவே ஓர் அரைப்புள்ளியுமாக நின்ற சொல் 'உம்மா' ஆனது. அந்த அரைப்புள்ளிதான் மகரத்தின் தலையில் புள்ளியாக ஏறியிருந்தது.

உம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தவர், கதிரையில் உட்காராமல், நின்றபடியே வேக வேகமாக வாசித்தார். சொற்களை விழுங்கி, மூச்சு வாங்கி, பாதியில் என் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு ஓடிட்டு மகன்?"

"லைன் அப்பவே வெட்டியாச்சு உம்மா. இப்ப சல்லி ஓடாது."

உம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரும்பவும் முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

(தொடரும்)