அடுப்படியிலிருந்து கண்ணாடித் தொட்டிக்கு

போர்னியோ தீவின் மேற்கே, 1,143 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது கபுவாஸ். இந்தோனேசியாவின் மிக நீளமான ஆறு இதுதான். மழைக்காலத்தில் அதன் மேல்பகுதியில் வெள்ளம் கரையேறிக் காட்டுக்குள் புகுந்து, மரங்களை இடுப்பளவு மூழ்கடித்து நிற்கும். கோடையில் அங்குள்ள ஏரிகள் வற்றித் தரை தெரியும். தேயிலைக் கஷாயம் போன்ற அந்தக் கறுத்த தண்ணீரில் வாழும் ஒரு மீனுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் சிலுக். மலாய் மொழியில் கெலிசா. உலகச் சந்தையில் அரோவானா.

ஒரு காலத்தில் சிலுக் வெறும் சாப்பாட்டு மீன். வலையில் விழுந்தால் அடுப்புக்குப் போகும். முள் அதிகம் என்பதால் அதைத் தேடிப் பிடித்தவர்களும் குறைவு. அதே மீனின் குஞ்சு ஒன்றுக்காக இன்று மோட்டார் சைக்கிள் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நன்றாகச் சிவந்த பெரிய மீன் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது.

ஐரோப்பிய அறிவியல் இந்த மீனைப் பதிவு செய்தது 1840-களில். டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளில் சுற்றித் திரிந்த சாலமன் முல்லரும், லெய்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹெர்மன் ஷ்லேகலும் அதற்கு ‘ஃபார்மோசஸ்’ என்று பெயரிட்டார்கள். லத்தீனில் ‘அழகிய’ என்று பொருள். இதன் குடும்பத்துக்கே ‘எலும்பு நாக்கு’ மீன்கள் என்று பெயர். நாக்கிலும் பல் இருக்கும். மிகப் பழைய குடும்பம் இது. ஆஸ்திரேலியாவிலும் அமேசானிலும் இதன் உறவினர்கள் வாழ்கிறார்கள். கடலைத் தாண்ட முடியாத நன்னீர் மீன் ஆசியாவுக்கு எப்படி வந்தது? தெற்கிலிருந்து நகர்ந்து வந்த இந்திய நிலத்துண்டின் ஆறுகளிலேயே இதன் மூதாதையர் வந்திருக்கலாம் என்பது ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000-ல் முன்வைத்த கருத்து.

அடுப்படி மீனை வரவேற்பறைக்கு ஏற்றியது சீன மனம். நாணயம் போன்ற பெரிய செதில்கள், தாடை நுனியில் இரண்டு மீசைகள், ஆற்றொழுக்காக வளைந்து திரும்பும் உடல். டிராகனுக்கு வேறென்ன வேண்டும்? சீன மொழியில் அதன் பெயரே ‘டிராகன் மீன்’. சிவப்பு மங்கலம், பொன் செல்வம். ஆகவே கபுவாஸின் சிவப்பு வகையும், மலேசியாவின் பேராக் மாநிலத்து புக்கிட் மேரா ஏரியின் பொன்னிற வகையும் சிங்கப்பூர், தைவான், ஹாங்காங் வணிகர்களின் கடைகளிலும் வீடுகளிலும் இடம் பிடித்தன. அந்தப் புக்கிட் மேரா ஏரியே மனிதர் வெட்டியதுதான். கிரியான் நெல்வயல்களுக்காக 1906-ல் கட்டி முடித்த நீர்த்தேக்கம்.

மோகம் உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1975-ல் நடைமுறைக்கு வந்தபோது, ஆசிய அரோவானா அதன் முதல் பட்டியலில், புலியின் வரிசையில் இருந்தது. காட்டு மீனை நாடு விட்டு நாடு விற்பதற்குத் தடை வந்தது. கடத்தல் தொடங்கியது. கிடைக்காத பொருள் என்ற பெயரே அதன் விலையை ஏற்றியது.

குஞ்சுக்கு ஏன் இவ்வளவு தட்டுப்பாடு? கெண்டை லட்சக்கணக்கில் முட்டையிடும். அரோவானா இடுவது சில டஜன் முட்டைகள்தான். ஒவ்வொன்றும் கோலிக்குண்டு பருமன். அவற்றை ஆண் மீன் வாயில் வாங்கிக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு மாதம் அடைகாக்கும். அந்நாள்களில் அது இரை எடுப்பதில்லை. இந்தத் தந்தைப் பாசம்தான் மீனுக்கு ஆபத்தாகவும் முடிந்தது. ஓர் ஆணைப் பிடித்து வாயைத் திறந்தால் போதும், குடும்பம் முழுவதும் வேட்டைக்காரன் கையில்.

பண்ணைக்காரர்கள் பயன்படுத்துவதும் அதே உத்திதான். மண் குளத்தில் வலை வீசி, ஈரத் துணியில் ஆண் மீனைப் பிடித்து, தாடையை மெல்ல விரித்து, வயிற்றில் ஆரஞ்சு நிற மஞ்சட்கரு தொங்கும் குஞ்சுகளைத் தண்ணீரில் உதிர்த்துக்கொள்கிறார்கள். 1990-களில் சிங்கப்பூர், இந்தோனேசியா, மலேசியா பண்ணைகள் சைட்டிஸில் பதிவு பெற்றன. இரண்டாம் தலைமுறைக் குஞ்சுகளை மட்டும் விற்கலாம். ஒவ்வொன்றின் உடலிலும் அரிசி மணி அளவு மைக்ரோசிப், கூடவே சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. ஏனென்றால், கபுவாஸ் சிவப்பு பிறக்கும்போது சிவப்பாக இருக்காது. செவுள் மூடியிலும் செதில் ஓரத்திலும் நிறம் ஏறப் பல ஆண்டுகள் ஆகும்.

வீட்டுத் தொட்டியில் இரை போடும் வழக்கத்திலும் அந்த வெள்ளக்காடு தொடர்கிறது. மேல்நோக்கித் திறக்கும் வாய், நீர்மட்டத்துக்கு மேலே பார்க்கும் கண்: கிளையில் இருக்கும் பூச்சியைத் துள்ளிப் பிடிக்கவே அமைந்த உடம்பு. அதனால் வளர்ப்பவர்கள் சுவர்க்கோழி, கரப்பான், பூரான், சிறு தவளை, இறால் எனப் போடுகிறார்கள். இறாலில் உள்ள நிறமி சிவப்பைத் தூக்கிக் கொடுக்கும் என்பதால் அதற்குத் தனி மவுசு. தொட்டிக்கு மூடி கட்டாயம். மூடாத இரவில் துள்ளி விழுந்து தரையில் செத்த மீன்கள் ஏராளம். மூன்றடி வரை வளரும் மீனுக்கு ஆறடித் தொட்டியும் நெருக்கடிதான். நாள் முழுக்கக் கீழே பார்த்துப் பழகுவதால் கண் சரிவதாகப் பலர் நம்புகிறார்கள்; சிங்கப்பூரில் அதை நிமிர்த்த அறுவை சிகிச்சையே செய்கிறார்கள்.

சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளில் ‘வாஸ்து மீன்’ என்று விற்பது பெரும்பாலும் இதன் அமேசான் உறவான வெள்ளி அரோவானா. ஆசிய வகையை வைத்திருப்பவர்கள், 2022-ல் திருத்தப்பட்ட இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பண்ணைகளில் குஞ்சுகள் பெருகிய அளவுக்கு ஆற்றில் மீன் திரும்பவில்லை. கபுவாஸின் மேல்பகுதியில் எம்பங்காவ் என்றோர் ஏரி உண்டு. அங்கே ஊரார் தாங்களே கட்டுப்பாடு வகுத்து ஏரியைக் காக்கிறார்கள். பண்ணையில் வளர்ந்த சிவப்பு சிலுக்குகளை அதில் விட்டிருக்கிறார்கள். தாத்தா காலத்தில் அடுப்புக்குப் போன மீனுக்கு இப்போது பேரன்கள் காவல் இருக்கிறார்கள்.