தோற்ற மாதிரியே ஆசான்

பேச்சறிதலில் நரம்பியல் வலையமைப்புகள் 2012-இல் திடீரென வென்றன என்பது பாதி வரலாறே. அவற்றை மறைநிலை மார்க்கோவ் மாதிரியோடு இணைக்கும் கலப்பு முறையை எர்வே பூர்லாரும் நெல்சன் மார்கனும் 1994-இலேயே நூலாக விளக்கியிருந்தனர். அன்று போதாதிருந்தவை அடுக்குகளின் ஆழமும் தரவும் கணிப்பு வேகமுமே.

2012-இல் டொராண்டோ பல்கலைக்கழகம், மைக்ரோசாஃப்ட், கூகுள், ஐபிஎம் ஆய்வாளர்கள் கூட்டாக எழுதிய கட்டுரை, ஆழ்வலையமைப்புகள் பழைய காஸியன் கலவை மாதிரிகளை விஞ்சியதை எடுத்துரைத்தது. ஆனால், வலையமைப்பைப் பயிற்றுவிக்கப் பேச்சின் ஒவ்வொரு 10 மில்லி விநாடித் துண்டும் எந்த ஒலிநிலைக்குரியது என்ற குறி வேண்டும். பெருந்தரவுகளுக்கு அக்குறிகளை இட்டுத் தந்தது, தோற்கவிருந்த அதே காஸியன் மாதிரிதான். டிமிட் தொகுப்பிலோ, 630 பேர் பேசிய 6300 வாக்கியங்களின் ஒலி எல்லைகளை மனிதரே சரிபார்த்தனர்.

அலெக்ஸ் கிரேவ்ஸ் குழுவினர் 2006-இல் முன்வைத்த சிடிசி முறை, எல்லைக்குறிகளின் தேவையை நீக்கியது. பேச்சைக் கேட்டு எழுதிய வரிவடிவம் அதற்கும் வேண்டும். ஆகவே, ஒரு மொழிக்கு நல்ல ஒலியியல் மாதிரி இல்லையெனில், குறையை முதலில் தேடவேண்டிய இடம் வலையமைப்பு அன்று. அம்மொழியைக் கேட்டு எழுதும் பணிக்கு நாம் ஒதுக்கிய ஊதியமும் மதிப்பும் எவ்வளவு என்பதே.