ரோசாலியா மலையின் கற்பாதை

பலெர்மோவில் இருக்கும் நம்மவர்களுக்கு மொன்தே பெல்லெக்ரினோ மலையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நேர்த்தி வைத்து அதில் ஏறுபவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, சைவரும் உண்டு. குகைக்குள் இருக்கும் புனித ரோசாலியாவைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இம்மாதப் பேச்சு, அவரிடம் போகிற பாதையைப் பற்றியது.

1624 மே மாதம் தூனிசிலிருந்து வந்த கப்பலோடு கொள்ளைநோய் நகருக்குள் புகுந்தது. அரசப் பிரதிநிதியான எமானுவேலே பிலிபெர்த்தோவே அந்த ஆகஸ்டில் அதற்குப் பலியானார். இதற்கிடையில் யூலை 15இல் மலைக் குகையில் எலும்புகள் கிடைத்தன. அவை 12ஆம் நூற்றாண்டில் அங்கே தவமிருந்த ரோசாலியாவுடையவை என்று 1625இல் திருச்சபை ஏற்றது. யூனில் அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள், நோய் தணிந்தது. எதனால் தணிந்தது என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் அன்றிலிருந்து சனம் மலையேறத் தொடங்கியது. அந்தக் கூட்டத்துக்கு ஏற்ற வழி வேண்டியிருந்தது.

நகரசபை கல் பாவிய பாதையைக் கட்டியது. இன்றும் 'அக்கியனாத்தா', அதாவது ஏற்றம், என்று சிசிலி மக்கள் சொல்வது இதைத்தான். 1787 ஏப்ரலில் இங்கு வந்த ஜேர்மன் கவிஞர் கோதே, தண்ணீர் கொண்டுபோகும் பாலம் போலத் தூண்களிலும் வளைவுகளிலும் இப்பாதை நிற்பதைக் குறித்துவைத்தார்.

நமக்கும் இது புதிதல்ல. சிவனொளிபாத மலைக்குப் போகும் வழியில் 13ஆம் நூற்றாண்டில், இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவப்பதிராசர் பாலங்கள் கட்டுவித்ததை மகாவம்சத்தின் தொடர்ச்சி சொல்கிறது. 1344இல் அங்கே ஏறிய இபின் பதூதா, பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகள் இருந்ததை எழுதினார். மன்னனும் அமைச்சரும் கட்டியதற்குப் பெயர் நின்றது. கழன்ற கல்லைத் திருப்பி வைத்தவன் பெயரை யாரும் எழுதவில்லை.

கழன்ற கல் சின்ன விடயமல்ல. மலைப்பாதைக்குப் பெரிய எதிரி காலடி அல்ல, தண்ணீர். வழிந்தோட இடமில்லாத மழைநீர் பாதையிலேயே ஓடி, கற்களுக்கிடையில் உள்ள மண்ணை அரிக்கும். கல் ஆடும். ஆடும் கல்லை விட்டு நாம் ஓரத்தால் நடப்போம். ஓரத்துச் செடி சாகும், மண் இளகும், அடுத்த மழை அதையும் கொண்டுபோகும். சருகு அடைத்த ஒரு வாய்க்காலில் இவ்வளவும் தொடங்கலாம்.

20ஆம் நூற்றாண்டில் வாகன வீதி வந்தபின் பழைய பாதை நடப்பவர்களுக்கென்றே ஆனது. 1995இல் மலை இயற்கைக் காப்பகமாக்கப்பட்டு, பொறுப்பு 'ரேஞ்சர்ஸ் தித்தாலியா' என்ற தொண்டர் அமைப்பிடம் வந்தது. ஊரில் நாம் சிரமதானம் என்போமே, குளம் வெட்டவும் ஒழுங்கை திருத்தவும் வீட்டுக்கு ஓராள் வருவது, கிட்டத்தட்ட அதே எண்ணம்தான். ஒரு வித்தியாசம்: காப்பகத்துக்குள் நினைத்தபடி மண்வெட்டியோடு போகக்கூடாது. கல்லைப் பெயர்ப்பதும் செடி வெட்டுவதும் அவர்கள் சொல்லும் இடத்தில், சொல்லும் விதத்தில்தான்.

செப்டெம்பர் 4 திருநாளுக்கு முதல்நாள் இரவு வெறுங்காலோடு ஏறுபவர்கள் பலர். அந்தக் கூட்டம் இறங்கியபின், மாரிமழை பிடிக்குமுன் ஒரு ஞாயிறு இருக்கிறது. நம் சங்கங்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு காப்பகத்தாரிடம் போய்க் கேட்கலாம். குப்பை பொறுக்கவும் சருகு வாரவும் இத்தாலியன் சரளமாகத் தெரிய வேண்டியதில்லை.