வரவேண்டிய நாவீ

எபிரேய வேதத்தின் ஐந்தாம் ஆகமமாகிய உபாகமத்தின் பதினெட்டாம் அதிகாரத்தில், மரணம் நெருங்கிவிட்டதை அறிந்த மோசே தம் மக்களுக்கு ஒரு வாக்குறுதி அளிக்கிறார். தம்மைப் போன்ற ஒருவரை அவர்கள் நடுவிலிருந்தே, அவர்களுடைய சகோதரர்களிலிருந்தே, கடவுள் எழுப்புவார் என்பதும், அவருக்கு அவர்கள் செவிசாய்க்க வேண்டும் என்பதும் அதன் சாரம். வரப்போகும் அந்த ஒருவரைக் குறிக்க மூலத்தில் நிற்கும் பதம் 'நாவீ'. யூதர், சமாரியர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஆகிய நால்வகைச் சமயத்தாரும் இவ்வாசகத்தை வைத்துக்கொண்டு நெடுங்காலமாக வாதாடி வந்திருக்கிறார்கள். அவர் யார் என்பதே அவ்வாதங்களின் பொருளாக இருந்ததேயன்றி, நாவீ என்ற சொல் மோசேயின் வாயில் வைக்கப்பட்ட காலத்தில் எத்தகைய தொழிலைக் குறித்தது என்று நின்று விசாரித்தவர் சிலரே. அவ்விசாரணையை முதலில் முடித்துக்கொண்டு பிறகு ஆளைத் தேடுவதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

சொல்லின் பிறப்பு எபிரேயத்துக்குள் மட்டும் அடங்குவதன்று. அக்காதிய மொழியில் 'நபூ' என்னும் வினை அழைத்தல், பெயரிடுதல் என்று பொருள்படும். யூப்ரடீஸ் நதிக்கரையில் 1933-ஆம் ஆண்டு முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட மாரி நகரத்தின் களிமண் ஏடுகளில், கி.மு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்ட சிம்ரி-லிம் மன்னனுக்கு வந்த கடிதம் ஒன்று, ஹனேயர் என்னும் மேய்ச்சற்குடியினரின் குறிசொல்வோரை இதே வேரிலிருந்து பிறந்த பெயரால் சுட்டுகிறது. எருசலேம் ஆலயத்தைக் கி.மு. 586-இல் எரித்த நேபுகாத்நேச்சாரின் பெயர் நாபு என்னும் பாபிலோனியத் தெய்வத்தின் பெயரோடு தொடங்குவதையும், அத்தெய்வப் பெயரும் இவ்வேரைச் சார்ந்ததென்றே பலர் கருதுவதையும் சேர்த்து நோக்கினால், நாவீக்களின் எச்சரிக்கையை மெய்ப்பிக்க வந்தவன் அவர்களுடைய பெயரின் உறவு ஒன்றைத் தன் பெயரிலேயே சுமந்து வந்தான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நாவீ என்பவர் அழைக்கப்பட்டவரா, அன்றி அழைத்துச் சொல்பவரா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. அபிஷேகம் செய்யப்பட்டவர் எனப் பொருள்படும் 'மாஷீயஹ்' என்னும் சொல் வார்க்கப்பட்ட அதே அச்சில் இதுவும் வார்க்கப்பட்டிருத்தலால், அழைக்கப்பட்டவர் என்பாரின் பக்கமே எனக்கு வலுவுடையதாகத் தெரிகிறது. நாவீயையும் நம்முடைய நாவையும் நாவலரையும் ஒலியொற்றுமை கருதி ஒருங்கே முடிந்துவிட ஆசைப்படும் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். அது தற்செயலான ஒற்றுமையே தவிர வேறில்லை.

இச்சொல்லின் சரித்திரத்தைப் பற்றிய முதற்குறிப்பை எழுதியவர் வேதத்தின் ஆசிரியர்களுள் ஒருவரே என்பது பலர் கவனியாத செய்தி. சாமுவேலின் முதற் புத்தகத்து ஒன்பதாம் அதிகாரத்தில், தந்தையின் கழுதைகள் காணாமற்போக, அவற்றைத் தேடிச் சவுல் என்னும் இளைஞன் வேலைக்காரன் ஒருவனோடு மலைநாடு முழுதும் அலைகிறான். அருகிலுள்ள ஊரில் கடவுளின் மனிதர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்கலாம் என்கிறான் வேலைக்காரன். கையுறையாகக் கொடுக்க ஒன்றுமில்லையே, பையிலிருந்த அப்பமும் தீர்ந்துவிட்டதே என்று சவுல் தயங்க, தன்னிடம் கால் சேக்கல் வெள்ளி இருப்பதை அவன் எடுத்துக் காட்டுகிறான். கதை இவ்விடத்தில் சட்டென்று நிற்கிறது. இக்காலத்தில் நாவீ எனப்படுபவர் முற்காலத்தில் 'ரோஏ' எனப்பட்டார் என்று எழுத்தர் ஒரு குறிப்பைச் செருகிவிட்டு, ஒன்றும் நடவாதது போலக் கதையைத் தொடர்கிறார். ரோஏ என்றால் காண்பவர். கால் சேக்கல் வாங்கிக்கொண்டு காணாமற்போன கழுதையைக் கண்டு சொல்பவரின் பெயராக அது புழங்கிற்று. 'ஹோஸே' என்ற இன்னொரு சொல்லும் தரிசனம் காண்பவரைக் குறித்தது. ஆக, கண்ணைப் பற்றி எழுந்த இரு பெயர்கள் வழக்கிலிருந்த துறையில், கண்ணோடு சம்பந்தமே இல்லாத நாவீ என்ற பெயர் நுழைந்து அவற்றை மெல்ல மெல்ல ஒதுக்கிவிட்டது. நம் நாட்டுப் புரொட்டஸ்டண்டு மொழிபெயர்ப்பாளர் தேர்ந்துகொண்ட 'தீர்க்கதரிசி' என்னும் வடசொல் நெடுந்தொலைவு காண்பவரைக் குறிப்பதாதலின் அது ரோஏயின் நேர்ப்பொருளே ஆகும்; கத்தோலிக்கர் இப்போது வழங்கும் 'இறைவாக்கினர்' நாவீக்கு அதைவிட அணுக்கமானது.

நாவீ என்னும் பெயருக்குத் தொடக்கத்தில் பெரிய மதிப்பு இருந்ததென்றும் எண்ண வேண்டா. அதிலிருந்து பிறந்த வினைச்சொல் ஒன்று, யாழும் தம்பூரும் முழங்க மருள் வந்து ஆடுதலைக் குறிக்கும். சவுல் அவ்வாறு ஆடி, மேலாடையைக் களைந்தெறிந்து ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்ததை அதே புத்தகம் சொல்கிறது. நம் ஊர்க் கொடைவிழாவில் சாமியாடியைக் கண்டவர்களுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. கர்மேல் மலையில் எலியாவோடு போட்டியிட்ட பாகாலின் ஆட்கள் நானூற்றைம்பதின்மரும் மூலத்தில் நாவீக்களே. இதனாற்றான் போலும், பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா, ஆமோசைப் பார்த்து யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே வயிறு வளர்த்துக்கொள் என்று ஏசியபோது, தாம் நாவீயுமல்லர், நாவீக்களின் கூட்டத்தைச் சேர்ந்தவருமல்லர், கால்நடை மேய்த்து காட்டத்திமரம் பேணுபவர் என்று ஆமோஸ் மறுத்துரைத்தார்.

இத்தகைய சொல்லுக்குக் கம்பீரமான ஒரு பொருளை நிறுவியது ஆகம நூல்களே. யாத்திராகமத்தில், திக்குவாயினால் பார்வோன் முன் பேசக் கூசும் மோசேக்கு அவர் தமையன் ஆரோன் நாவீயாக இருப்பான் என்று கடவுள் உரைக்கிறார். அதற்குச் சில அதிகாரங்களுக்கு முன் அதே ஏற்பாட்டைக் கூறுமிடத்தில் நாவீ என்பதற்குப் பதிலாக 'வாய்' என்ற சொல்லே நிற்கிறது. இவ்விரண்டு இடங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தவருக்கு அகராதி தேவைப்படாது. நாவீ என்பவர் ஒருவருடைய வாய். வருவதை முன்கூட்டிக் காண்பது அவருடைய தொழிலின் ஒரு கூறாக அமையலாம், அதுவே தொழிலாகாது.

இனி உபாகமத்தின் வாக்குறுதியைப் படித்தால் அதன் தாத்பரியம் விளங்கும். அவ்வாக்குறுதி தனியே வானத்திலிருந்து விழுந்ததன்று. அதற்கு முந்திய வரிகளில் நாள்பார்ப்போர், நிமித்தம் சொல்வோர், பாம்பை வசியம் செய்வோர் போல மந்திரம் ஓதுவோர், இறந்தோரை எழுப்பிக் கேட்போர் என்று கானானிய நாட்டு வினைஞர்கள் வரிசையாக விலக்கப்படுகிறார்கள். விலக்கியபின், அவர்களிடம் போகாமல் யாரிடம் கேட்பது என்ற இயல்பான வினாவுக்கு விடையாகவே நாவீ வருகிறார். இன்னொரு காரணமும் அங்கே கூறப்படுகிறது. ஓரேப் மலையில் நெருப்பினின்று எழுந்த குரலைக் கேட்டு நடுங்கிய மக்கள், இனி இக்குரலை நேரே கேட்டால் மாண்டுபோவோம், நடுவே ஒருவர் நின்று கேட்டுச் சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். அவ்வேண்டுகோளுக்கு இசைந்தே, தம் வார்த்தைகளை நாவீயின் வாயில் வைப்பதாகக் கடவுள் கூறுகிறார். குறியாளருக்கு மாற்றும் நெருப்புக்கு நடுவருமாகிய ஒரு பதவியே இங்கு நிறுவப்படுகிறது. இதற்கு முன்னுள்ள பகுதிகள் நீதிபதி, அரசர், ஆசாரியர் ஆகியோரின் பதவிகளை ஒருமையிலேயே விதித்துச் செல்வதைக் காண்பவர்களுக்கு, நாவீ என்ற ஒருமையும் தலைமுறைதோறும் எழும் ஒருவரைக் குறித்ததென்று கொள்வதில் தடையிராது. யூத உரைகாரருள் ஒருசாரார் யோசுவாவையும் மற்றொருசாரார் எரேமியாவையும் இங்கே கண்டது, இக்கருத்துக்கு மாறானதன்று.

இந்நூலுக்கும் நாவீ என்னும் சொல்லுக்கும் உள்ள சரித்திரச் சம்பந்தம் ஒன்றை இங்கே விடுவதற்கில்லை. கி.மு. 622-ஐ ஒட்டி, யோசியா அரசனது பதினெட்டாம் ஆட்சியாண்டில், எருசலேம் ஆலயத்தைச் செப்பனிடும்போது சட்டச்சுருள் ஒன்று கிடைத்தது. அது உபாகமமே, அல்லது அதன் கருவாகிய பகுதியே, என்று ஜெர்மானிய அறிஞர் தே வெத்தே 1805-இல் எடுத்துரைத்த கொள்கையைப் பெரும்பாலோர் இன்றும் ஏதேனும் ஒரு வடிவில் ஏற்கின்றனர். சுருளைக் கேட்டு ஆடையைக் கிழித்துக்கொண்ட அரசன், இது மெய்தானா என்று விசாரித்துவர ஆசாரியரையும் அமைச்சரையும் அனுப்பியது, வஸ்திரசாலைக் காவலனின் மனைவியாகிய உல்தாளிடம். அவளை வேதம் 'நெவீயா' என்கிறது. நாவீயின் பெண்பால் அது. மோசேயைப் போல ஒரு நாவீ வருவார் என்ற வாசகம் அச்சுருளில் அன்றே இருந்திருக்குமாயின், அதற்குச் சான்று பகர்ந்த முதல் வாய் ஒரு பெண்ணின் வாய் என்றாகிறது.

பொய் சொல்லும் நாவீயை என்செய்வது என்பதையும் உபாகமம் விதிக்கிறது: சொன்னது நடவாவிடில் அது கடவுளின் வார்த்தையன்று. விதி எளிது, நடைமுறை எளிதன்று. எரேமியா கழுத்தில் நுகத்தடியைப் பூட்டிக்கொண்டு பாபிலோனுக்குப் பணியுமாறு சொல்லித் திரிந்தபோது, அனனியா என்பவன் ஆலயத்தில் எல்லோரும் காண அத்தடியைப் பிடுங்கி முறித்து, இரண்டாண்டில் விடுதலை என்று முழங்கினான். எபிரேய மூலம் இருவரையும் நாவீ என்றே அழைக்கிறது, ஏனெனில் பொய்ந்நாவீ என்று தனிச்சொல் அம்மொழியில் இல்லை; கேட்டு நின்றவர்களுக்கு அன்று இருவரும் ஒரே நிறம். அனனியாவுக்குப் பொய்த் தீர்க்கதரிசி என்ற பட்டத்தைச் சூட்டியவர்கள், முடிவு தெரிந்தபின் வந்த கிரேக்க மொழிபெயர்ப்பாளர்களே.

பதவி எப்படி ஆளாயிற்று? உபாகமத்தின் கடைசி அதிகாரம் மோசேயின் மரணத்தைக் கூறிவிட்டு, அவரைப் போன்ற நாவீ அதன்பின் இஸ்ரயேலில் எழவில்லை என்று முடிக்கிறது. எழுப்புவார் என்று பதினெட்டாம் அதிகாரத்தில் வந்த வினையும், எழவில்லை என்று இங்கே வரும் வினையும் ஒரே வேருடையவை. வாக்குறுதியும் அது நிறைவேறாமையும் ஒரே நூலின் இரு முனைகளில் நின்றால், இடையிலுள்ளவர் எவரும் அவர் அல்லர், இனி வரவேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் பிறப்பது தவிர்க்க முடியாதது.

பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பின் நாவீக்களின் குரல் ஓய்ந்தது என்பது யூதரின் நம்பிக்கை. அவ்வோய்வு எப்படி உணரப்பட்டது என்பதை மக்கபேயரின் முதல் நூல் காட்டுமளவுக்கு வேறெதுவும் காட்டாது. கி.மு. 164-இல் யூதா மக்கபே எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மைசெய்தபோது, கிரேக்க அரசனின் ஆட்களால் தீட்டுப்பட்ட பலிபீடம் ஒரு சிக்கலாக நின்றது. தீட்டுப்பட்டதில் பலியிடலாகாது, கடவுளுக்கென்று பிரதிஷ்டை செய்யப்பட்ட கல்லை எறிந்துவிடவும் ஆகாது. ஆசாரியர்கள் பீடத்தை இடித்து, கற்களை ஆலயக் குன்றில் தகுந்த ஓரிடத்தில் அடுக்கி வைத்தார்கள். என்செய்வது என்று சொல்ல ஒரு நாவீ வரும்வரை கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கி.மு. 140-இல் யூதாவின் சகோதரன் சீமோனை மக்கள் தலைவனாகவும் பிரதான ஆசாரியனாகவும் ஏற்றுக்கொண்டு வெண்கலத் தகடுகளில் பொறித்த சாசனத்திலும், என்றென்றைக்கும் என்று எழுதிய கையோடு, நம்பத்தக்க நாவீ எழும்வரை என்ற விதிவிலக்கையும் சேர்த்தார்கள். நியாயஸ்தர் எழுதிய ஒப்பந்தத்தைப் போல இருக்கிறது இது. அவர்கள் காத்திருந்தது உலகத்தை மாற்றுபவரை அன்று, தீர்ப்புச் சொல்பவரை. உபாகமத்தின் பழைய பொருள் இவ்விரு செய்திகளிலும் இன்னும் கலையாதிருக்கிறது.

சாக்கடலோரத்துக் கும்ரானில் வாழ்ந்த யூதச் சங்கத்தாரிடம் எதிர்பார்ப்பு கூர்மை பெறுகிறது. நாவீயும், ஆரோனுடையவரும் இஸ்ரயேலுடையவருமாகிய இரு மெசியாக்களும் வரும்வரை பழைய நியமங்களே செல்லும் என்று அவர்களுடைய சங்க விதிநூல் கூறுகிறது. நான்காம் குகையில் கிடைத்து 1956-இல் வெளியிடப்பட்ட ஒற்றைத் தோலேடு ஒன்று, உபாகமத்தின் வாக்குறுதியை முதலிலும், பிலேயாம் முன்னுரைத்த நட்சத்திரத்தை அடுத்தும், லேவிக்கு மோசே அளித்த ஆசியை அதற்கடுத்தும் எழுதி, நாவீ, அரசர், ஆசாரியர் என்னும் மூவருக்கும் மேற்கோள் திரட்டி வைத்திருக்கிறது. கடவுளின் திருநாமம் வரவேண்டிய இடத்தில் எழுத்தைப் பொறிக்க அஞ்சி நான்கு புள்ளிகளை மட்டும் இட்டிருக்கிறது. சமாரியரோ மோசேயின் ஐந்தாகமங்களுக்கு அப்பால் எந்த நாவீயின் நூலையும் ஏற்காதவர்கள். அவர்களுடைய வேதத்தில் இவ்வாக்குறுதி பத்துக் கட்டளைகளை ஒட்டியே யாத்திராகமத்திலும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது, வரவேண்டியவரை அவர்கள் 'தாஹேப்' என்பார்கள். மோசே புதைத்துவைத்த பாத்திரங்களைக் காட்டுவதாக ஒருவன் கி.பி. 36-ஐ ஒட்டி சமாரியரைக் கெரிசீம் மலைக்குத் திரட்டியதையும், உரோம ஆளுநன் பிலாத்து படையை ஏவி அவர்களை வெட்டியதையும், அதனாலேயே அவ்வாளுநனின் பதவி போனதையும் யோசேப்பு என்னும் சரித்திர ஆசிரியர் எழுதியிருக்கிறார். யோவான் ஸ்நானகனிடம் எருசலேமிலிருந்து வந்தவர்கள் நீர் மெசியாவா, எலியாவா, அந்த நாவீயா என்று மூன்றாகக் கேட்டதும் இதே காற்று வீசிய காலத்தில்தான். பேதுருவின் பிரசங்கத்தில் மூன்றாம் வினாவுக்கும் முதல் வினாவுக்கும் ஒரே விடையாக இயேசு நிறுத்தப்பட்டபின், கிறிஸ்தவர்களுக்கு அவ்வினா தனியே எழவில்லை.

அரபு மண்ணில் இச்சொல் நபீ ஆயிற்று. அம்மொழியில் அதன் கிளைச்சொல்லாகிய 'நுபுவ்வத்' நம் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் இரண்டாம் காண்டத்துக்கே பெயராகி நிற்பதால், எபிரேய நாவீயின் உறவுமுறை தமிழ்க் காப்பியம்வரை வந்திருக்கிறது. தோராவிலும் இஞ்சீலிலும் எழுதப்பட்டவர் என்று குர்ஆனின் ஏழாம் அத்தியாயம் முகம்மது நபியைக் கூற, அவ்வெழுத்து உபாகமத்தின் இவ்விடமே என்று இஸ்லாமிய அறிஞர் பலர் காட்டினர். சகோதரர்களிலிருந்து என்றால் இஸ்ரவேலரின் சகோதரராகிய இஸ்மவேலரிடமிருந்து என்பது அவர்கள் வாதம். ஏசாவின் மக்களை உபாகமமே சகோதரர் என்று அழைப்பதால் அதை வெறும் சாதுரியம் என்று தள்ளிவிட இயலாது. யூதராகப் பிறந்து இஸ்லாத்தில் சேர்ந்த கணித மேதை சமவ்அல், 1163-இல் இவ்வாசகத்தையும் எடுத்துக்காட்டி யூதரை மறுத்து நூல் எழுதினார். 1172-இல் யேமன் நாட்டு யூதர்களுக்கு எகிப்திலிருந்து கடிதம் வரைந்த மைமோனிதிஸ், சகோதரர் என்ற சொல்லால் மயக்கம் நேராதிருக்கவே உன் நடுவிலிருந்து என்ற சொற்களும் சேர்ந்து நிற்கின்றன என்று விடையிறுத்தார். அதனோடு நில்லாமல், வாக்குறுதியை அதற்கு முன்னுள்ள வரிகளோடு சேர்த்துப் படியுங்கள், அது புதுச்சட்டம் கொண்டுவருபவரைப் பற்றியதன்று, குறிகேட்கப் போகாதபடி உங்களுக்கு அளிக்கப்படுபவரைப் பற்றியது என்றும் எழுதினார். சமவ்அலும் மைமோனிதிசும் பிறப்பால் யூதர். இருவரும் எழுதிய மொழி அரபு. ஒன்பதாண்டு இடைவெளியில் இருவர் நூலிலும் அந்த எபிரேய நாவீ நபீ என்றே பேசப்பட்டார்.