புரோலியோக் கோட்டையும் 1872-ஆம் ஆண்டுக் கடிதமும்

இத்தாலி தேசத்தில், ஸியெனா நகருக்கு வடக்கேயுள்ள குன்றொன்றின்மீது நிற்கும் புரோலியோக் கோட்டை 1141-ஆம் ஆண்டு முதல் ரிக்காஸோலி வம்சத்தாரோடு பிணைந்திருப்பதால், அதன் சரிவுகளில் விளையும் கியாந்தி என்னும் செந்நிறத் திராட்சை மதுவின் கலவை விதியும் பாட்டன் பூட்டன் காலந்தொட்டு மாறாமல் வந்த சம்பிரதாயமே என்று எண்ணுவோர் பலர். அவ்விதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருவர் பரீட்சை செய்து கண்டடைந்தது என்பதும், பிற்காலச் சட்டம் அதை அரைகுறையாகவே ஏற்றது என்பதும் என் துணிபு.

பழமையெனத் தோன்றுவது புதியதாயிருக்கக்கூடும் என்பதற்குக் கோட்டையே முதற்சான்று. புளோரன்ஸுக்கும் ஸியெனாவுக்கும் இடைப்பட்ட எல்லையில் நின்றமையால் அது பலமுறை தாக்குண்டது. 1478-இல் அரகோனியப் படையிடம் வீழ்ந்து, பின்னர்ப் புளோரன்ஸ் அரசால் புதிய கொத்தளங்களுடன் எழுப்பப்பட்டது. காண்போர் இடைக்காலத்ததென மயங்கும் செங்கல் மாளிகையோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெத்தினோ ரிக்காஸோலி பிரபு கட்டுவித்தது.

1809-இல் பிறந்து, முதற்பிரதமர் கவூரின் மறைவுக்குப்பின் 1861-இல் ஐக்கிய இத்தாலியின் பிரதமராகி, 1866-இல் மீண்டும் அப்பதவியை ஏற்ற அவர், இரும்புப் பிரபு என்று பெயர் பெறுமளவு கண்டிப்பானவர். அக்கண்டிப்பின் சுமையைத் தாங்கியவர்கள் விளைச்சலில் பாதியைப் பண்ணைக்கு அளந்த வாரக் குடியானவர்கள் என்பதை, அம்மதுவின் புகழ் பேசுவோர் மறப்பது நியாயமன்று. ஆண்டுக்கணக்கில் திராட்சை வகைகளைத் தனித்தனியே ஆராய்ந்த பின், 1872-இல் பீசா சர்வகலாசாலைப் பேராசிரியர் ஸ்தூதியாத்திக்கு எழுதிய கடிதத்தில் அவர் தம் முடிவைத் தெரிவித்தார்: சாஞ்சோவெத்தோ மணமும் வீரியமும் தரும், கனாயோலோ அதன் கடுமையைத் தணிக்கும், வெள்ளைத் திராட்சையான மல்வாஸியா, அன்றாடம் அருந்தும் இலேசான மதுவுக்கு ஏற்றது, நெடுநாள் வைத்து முதிரவிடும் மதுவுக்கோ அது பெரும்பாலும் வேண்டாதது.

இந்த இறுதி நிபந்தனையிலேதான் கடிதத்தின் உயிர் இருக்கிறது. ஒரே நிலத்தில் இருவேறு மதுக்கள் உண்டு என்றும், பயன் கருதியே கலவை அமையவேண்டும் என்றும் அவர் பகுத்துணர்ந்தார். ஆயினும், 1967-ஆம் ஆண்டுச் சட்டம் கியாந்தி என்ற பெயர் தாங்கும் மதுவுக்கு நூற்றுக்கு 10 முதல் 30 பங்கு வரை வெள்ளைத் திராட்சை சேர்க்கக் கட்டாயப்படுத்தியதோடு, கடிதம் தன் கலவையிற் சேர்க்காத திரெப்பியானோ என்னும் வெள்ளை வகைக்கும் இடமளித்தது. ரிக்காஸோலியின் விதியே சட்டமாயிற்று என்று எழுதுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. மிகுந்த விளைச்சல் தரும் திரெப்பியானோ மதுவை மெலியச் செய்தது. அதனால் நேர்ந்த அபகீர்த்தியைப் பிரபுவின் தலையில் ஏற்றுவது பெரும் அநீதி என்றே கருதுகிறேன்.

இடையில் அந்நியக் கம்பெனிகளின் வசம் சென்றிருந்த மதுத்தொழிலை 1993-இல் பிரான்செஸ்கோ ரிக்காஸோலி மீட்டு, மண்ணையும் கொடி வகைகளையும் மறுபடி ஆராயச் செய்தார். 2006-ஆம் ஆண்டு அறுவடை முதல், புரோலியோ அடங்கிய பகுதியின் மதுவான கியாந்தி கிளாஸிக்கோவில் வெள்ளைத் திராட்சை அறவே தடுக்கப்பட்டது. முதிரவிடும் மதுவைக் குறித்துக் கடிதம் சொன்னதை இவ்வாறு காலந்தாழ்த்தி ஏற்ற சட்டம், அதே கடிதம் இடங்கொடுத்த இலேசான மதுவுக்கு அப்பெயரில் வழியில்லாமற் செய்துவிட்டது.